ட்யூன் நல்லா இருந்தா பூசைக்குப் போதுமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேராக்ல ஒரு தோட்டப்பட்டணத்துல இருந்து எழுதுறேன். எங்க கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவுல 32 வருஷமா பாடிக்கிட்டு இருக்கேன், நடுவுல 14 வருஷம் குழுவை நடத்துற பொறுப்பும் என்கிட்டதான் இருந்துச்சு. பத்திரிகைக்கு எழுதிப் பழக்கம் இல்ல. ஆனா இந்த விஷயத்தைக் கோயில் வாசல்ல பேசினா அஞ்சே நிமிஷத்துல ஆளாளுக்கு மூஞ்சி மாறிடுது, வாட்ஸாப் குரூப்புல போட்டா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓடுது, அதனால நம்ம ஜனங்க காலையில டீயோட நிதானமா படிக்கிற இடத்துல எழுதுவோம்னு உட்கார்ந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை பூசைக்கு எந்தப் பாட்டு ஆகும், எந்தப் பாட்டு ஆகாது, அதை யாரு எதை வச்சு முடிவு பண்றது, இதான் விஷயம்.

எங்களுக்கு வியாழக்கிழமை ராத்திரி பிராக்டிஸ். புதன்கிழமையே குரூப்புல யூடியூப் லிங்க் வந்து விழ ஆரம்பிச்சிரும். "அக்கா இந்தப் பாட்டு கேட்டீங்களா, அழுகையே வருது, இந்த வாரம் காணிக்கைக்கு இதைப் போட்ருவோம்" அப்படின்னு ஒரு பிள்ளை எழுதும். உடனே பெரியவர் ஒருத்தர், "அது மத்த கிறிஸ்தவ சபைக்காரங்க பாட்டு, நம்ம கோயில்ல பாடக்கூடாது" அப்படின்னு வெட்டிருவாரு. அந்தப் பிள்ளை ரெண்டு வாரம் பிராக்டிஸுக்கு வராது. ரெண்டு பேரு மேலயும் எனக்குக் கோவம் இல்ல. ஆனா ரெண்டு பேருமே பாட்டோட வார்த்தையை எடுத்துப் படிச்சுப் பார்க்கல. ஒருத்தருக்கு ட்யூன் புடிச்சிருக்கு, இன்னொருத்தருக்கு எங்கிருந்து வந்துச்சுங்கிறது புடிக்கல, அவ்வளவுதான்.

என் அம்மா சாவுதான் என்னை இதைப் பத்தி யோசிக்க வச்சுது. அம்மா பால்மரம் வெட்டினவங்க. விடியக்காலையில வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போறப்ப என்னையும் தம்பியையும் ஆயாக்கொட்டாய்ல விட்டுட்டுப் போவாங்க. எங்க தோட்டத்துல ஒரு சின்ன ஜெபக்கோயில் இருந்துச்சு, தகரக் கூரை, உள்ள அந்தோனியார் சுரூபம், சாமியார், அதாவது ஃபாதர், மாசத்துக்கு ஒருதடவைதான் பட்டணத்துல இருந்து வருவாரு, மத்த ஞாயித்துக்கிழமையில உபதேசியார்தான் ஜெபம் நடத்துவாரு. பாட்டுப் புஸ்தகம் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, அதையும் அவருதான் வச்சிருப்பாரு. அவரு ஒரு வரி சொல்ல ஜனங்க ஒரு வரி பாட, அப்படியே மனப்பாடம் ஆயிரும். எழுதப் படிக்கத் தெரியாத எங்க அம்மாவுக்கு நூறு பாட்டுக்கு மேல தெரியும், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துப் பாட்டு, மாதா பாட்டு, நன்மை, அதாவது நற்கருணை, வாங்குற நேரத்துப் பாட்டு, சாவுக்குப் பாடுற பாட்டுன்னு எது எங்க வரும்னு அவங்களுக்குக் குழப்பமே கிடையாது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருநாளுக்கு, ஜூலை 26, வருஷா வருஷம் லாரி புடிச்சுப் போவோம், போற வழி பூரா பாட்டுதான், அந்த லாரியில நான் கத்துக்கிட்டது மாதிரி எந்த மியூசிக் கிளாஸ்லயும் கத்துக்கல.

தோட்டத்தை வித்தாங்க, லயத்தை இடிச்சாங்க, ஜனங்க பட்டணத்துத் தாமான் வீட்டுக்கு வந்துட்டாங்க. அம்மா அந்தத் தாமான் வீட்டுலதான் செத்தாங்க. அடக்கப் பூசைக்குப் பழைய தோட்டத்துல இருந்து அம்மாவோட சேர்ந்து மரம் வெட்டின கெழவிங்க பன்னெண்டு பதிமூணு பேரு வந்திருந்தாங்க, முன்னாடி ரெண்டு பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. நான் மகளா இருந்ததால அன்னிக்குப் பாடல, வேற ஒரு குழு பாடுச்சு. எல்லாமே புதுப் பாட்டு, ரெக்கார்ட் பண்ணின இசை டிராக் போட்டு மைக்குல ரெண்டே பேரு. குரல் நல்ல குரல்தான், குறை சொல்ல முடியாது. ஆனா ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அந்தக் கெழவிங்க ஒருத்தர் வாயும் அசையல. செத்தவங்களுக்காக வேண்டிக்கிற பாட்டு ஒண்ணுகூட வரல, உயிர்ப்பைப் பத்தி ஒரு வரி இல்ல, "நான் உடைஞ்சு போனேன், என்னைத் தூக்கினீர், என் கண்ணீரைத் துடைச்சீர்" அப்படிங்கிற மாதிரி எல்லாமே பாடுறவங்களோட மனசைப் பத்தின பாட்டு. கல்லறையில மண்ணு போடுறப்ப ஒரு கெழவி தானா ஆரம்பிச்சாங்க, மத்தவங்க எல்லாரும் சேர்ந்துக்கிட்டாங்க, கீபோர்டு இல்ல மைக் இல்ல. அங்கதான் நான் அழுதேன். அம்மாவுக்கான பூசை கோயில்ல முடியாம கல்லறையிலதான் முடிஞ்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

அதுக்கப்புறம்தான் திருச்சபை இதைப் பத்தி என்ன சொல்லியிருக்குன்னு தேடித் தேடிப் படிச்சேன். திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903ல நவம்பர் 22, இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியா திருநாள் அன்னிக்கு, கோயில் இசையைப் பத்தி ஒரு கட்டளை எழுதினாரு. கோயில் இசை புனிதமா இருக்கணும், கலையா நல்லா இருக்கணும், எல்லா ஜனத்துக்கும் பொதுவா இருக்கணும்னு மூணு சொன்னாரு. அதே கட்டளையில பொம்பளைங்க பாடகர் குழுவுல இருக்கக்கூடாதுன்னும் இருக்கு! இன்னிக்கு எங்க குழுவுல 17 பேருல 13 பேரு பொம்பளைங்க. காலத்துக்கு ஏத்த மாதிரி மாறுற விதியும் உண்டு, மாறாத அடிப்படையும் உண்டு, அதைப் பிரிச்சுப் பார்க்கத் தெரியணுங்கிறதுக்காக இதைச் சொல்றேன்.

பிறகு உலகத்து ஆயர்கள், அதாவது பிஷப்புங்க, கூடின ரெண்டாம் வத்திக்கான் சங்கம், 1963 டிசம்பர் 4ஆம் தேதி வழிபாட்டைப் பத்தின ஏடு வந்துச்சு. பூசையில நடக்கிற காரியத்தோட எவ்வளவு நெருக்கமா ஒட்டியிருக்கோ அவ்வளவுக்குத்தான் அந்த இசை புனிதம்னு அது சொல்லுது. எனக்கு இதுதான் சாவி மாதிரி. அதாவது ஒரு பாட்டு தனியா நல்ல பாட்டா கெட்ட பாட்டான்னு கேட்கிறது போதாது, இந்த இடத்துல இந்த நேரத்துல என்ன நடந்துக்கிட்டு இருக்கு, அதுக்கு இது கை கொடுக்குதான்னு கேட்கணும். அதே ஏட்டுல பாட்டோட வார்த்தை கத்தோலிக்க போதனையோட ஒத்துப்போகணும், முக்கியமா வேதாகமத்துல இருந்தும் வழிபாட்டுல இருந்தும் எடுத்ததா இருக்கணும்னும் இருக்கு. மறைபரப்பு நாடுகள்ல அந்தந்த ஜனத்துக்குன்னு ஒரு இசை மரபு இருக்கு, அதை மதிச்சு இடம் கொடுங்கன்னும் இருக்கு. அதனால தமிழ்ப் பண்ணுல பாடுறதைத் தப்புன்னு சொல்றவங்க அந்த ஏட்டை ஒருதடவை படிக்கணும்.

1967ல வந்த இன்னொரு ஏடு பூசையில எதைப் பாடுறது ரொம்ப முக்கியம்னு படிப்படியா வரிசை போட்டுச்சு. குருவும் ஜனங்களும் மாறி மாறிப் பாடுற பதில்மொழி, "தூயவர் தூயவர்", கர்த்தர் கற்பித்த ஜெபம், இதெல்லாம் முதல் படி. "உன்னதங்களிலே" அப்படின்னு ஆரம்பிக்கிற வானவர் கீதம், "உலகின் பாவம் போக்கும்", இதெல்லாம் அடுத்த படி. வருகைப் பாட்டு, காணிக்கைப் பாட்டு, நன்மை வாங்குறப்ப பாடுறது, இதெல்லாம் மூணாவது படியிலதான் வருது. நாங்க வியாழக்கிழமை முழுக்க சண்டை போடுறது இந்த மூணாவது படிக்கு! "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" அப்படின்னு ஃபாதர் பாடினா பதில் சொல்ல ஜனங்களுக்கு வாய் வரல, அதைப் பத்தி நாங்க ஒருநாள் கூட பிராக்டிஸ்ல பேசினது இல்ல. இது என் காலத்துத் தப்பும்தான், ஒத்துக்கிறேன்.

இடம் மாறிப் போறதுதான் எங்க பக்கத்துல அடிக்கடி நடக்குது. முதல் வாசகத்துக்குப் பிறகு வர்ற பதிலுரைப் பாடல் வேதாகமத்தோடது, சங்கீதம், அந்த நாளு வாசகத்துக்குன்னே தேர்ந்தெடுத்து வச்சது. அதை எடுத்துட்டு அங்க வேற ஒரு பக்திப் பாட்டைப் போடக்கூடாதுன்னு பூசைப் புத்தகத்தோட முன்னுரையிலயே தெளிவா இருக்கு. வானவர் கீதத்தோட வார்த்தையை மாத்தக்கூடாதுன்னும் இருக்கு. "உன்னதங்களிலே மகிமை" அப்படின்னு ஒரு வரியை மட்டும் எடுத்து நாலுதடவை கைதட்டிப் பாடி முடிச்சா அது வானவர் கீதம் ஆகாது, நடுவுல இருக்கிற "உலகின் பாவங்களைப் போக்குபவரே, எங்கள் மீது இரக்கம் வையும்" எங்க போச்சு? தவக்காலத்துல அல்லேலூயா வரவே வராது. வாத்தியமும் பாட்டைத் தாங்கிப் புடிக்க மட்டும்தான், வாத்தியத்துக்கு மட்டும் நாலாவது ஞாயிறு, பெருவிழா, திருநாள்ல விலக்கு உண்டு. இது தெரியாம தவக்காலம் முதல் ஞாயிறே நன்மை நேரத்துல அல்லேலூயா பாட்டை எடுத்து விட்ட அனுபவம் எங்களுக்கே உண்டு. நாப்பது நாளு அந்த வார்த்தை இல்லாம இருந்தாத்தான் ஈஸ்டர் பாஸ்கா ராத்திரியில அது வர்றப்ப உடம்பு சிலிர்க்கும். அந்த சிலிர்ப்பை நம்ம பிள்ளைங்ககிட்ட இருந்து நாமே புடுங்கிடுறோம்.

இந்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை, நீங்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீங்கன்னு தெரியும். ஓதுவார் தேவாரம் பாட வேண்டிய நேரத்துல யாராவது வேற பாட்டை டிராக் போட்டுப் பாடினா உங்க மனசு எப்படி இருக்கும்? அந்தப் பாட்டுலயும் சாமி பேரு இருக்கலாம். ஆனா அந்த இடம் தேவாரத்தோட இடம். நாங்க சொல்றதும் இதையேதான்.

இப்ப வார்த்தைக்கு வருவோம். "யெகோவா" அப்படிங்கிற பேரு வர்ற பாட்டு எங்க இளைஞருங்களுக்கு ரொம்பப் புடிக்கும். 2008 ஜூன் மாசம் வத்திக்கான்ல இருந்து ஆயர்களுக்கு ஒரு கடிதம் வந்துச்சு, கடவுளோட அந்த எபிரேயப் பேரை, நாலு எழுத்துப் பேருன்னு சொல்லுவாங்க, வழிபாட்டுலயும் பாட்டுலயும் ஜெபத்துலயும் உச்சரிக்கக்கூடாதுன்னு. யூதர்கள் பயபக்தியால அந்தப் பேரை வாயால சொல்லாம "ஆண்டவர்"னு அர்த்தம் வர்ற வார்த்தையைச் சொன்னாங்க, முதல் கிறிஸ்தவங்களும் அதே வழியில போய், அதே "ஆண்டவர்" பட்டத்தை இயேசுவுக்குச் சொன்னாங்க. இதை எங்க பிள்ளைங்ககிட்ட விளக்கிச் சொன்னப்ப ஒருத்தன்கூட எதிர்த்துப் பேசல. "அக்கா, இதை ஏன் முன்னாடியே யாரும் சொல்லல"ன்னுதான் கேட்டான். வேணாம்னு மட்டும் சொல்லி ஏன் வேணாம்னு சொல்லாம விட்டதுதான் எங்க பெரியவங்க பண்ணின தப்புன்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

நற்கருணையைப் பத்தின பாட்டுல இன்னும் கவனம் வேணும். அமெரிக்க ஆயர்களோட போதனைக் குழு 2020ல பாட்டு வரிகளைச் சோதிக்கிறதுக்குன்னே ஒரு ஏடு போட்டாங்க. கிறிஸ்துவோட உடலும் ரத்தமும்னு நாங்க நம்புற நற்கருணையை வெறும் அப்பமும் ரசமுமா நினைக்க வைக்கிற வரி, திருச்சபையை ஏதோ நாமளே கட்டின சங்கம் மாதிரி காட்டுற வரி, இதுக்கெல்லாம் எச்சரிக்கை பண்ணியிருக்காங்க. நாம பாடுறதைத்தான் நாம நம்ப ஆரம்பிக்கிறோம். பிரசங்கத்தை வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடுறோம், பாட்டு திங்கட்கிழமை செம்பனைக் காட்டுலயும் ஃபேக்டரி பஸ்லயும் வாயில ஓடிக்கிட்டே இருக்கும். "நினைவுக்காக ஒரு துண்டு அப்பம்" அப்படின்னு ஒரு வரி பத்து வருஷம் பிள்ளைங்க வாயில ஓடினா, அப்புறம் ஞாயித்துக்கிழமை ஏன் முழங்கால் போடணும்னு அந்தப் பிள்ளை கேட்கத்தான் செய்யும். எங்க அம்மாவுக்கு இறையியல் தெரியாது. ஆனா நன்மை வாங்கிட்டு வந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டு பத்து நிமிஷம் தலை நிமிராம இருப்பாங்க, அது அவங்க பாடின பாட்டுல இருந்து வந்தது.

அதே மாதிரி வியாதி போகும், கடன் தீரும், எதிரி விழுவான், நான் மேல போவேன், கீழ போக மாட்டேன்னு அடுக்குற பாட்டும் இருக்கு. கஷ்டப்படுற ஜனம் அதைத் தேடிப் போறது எனக்குப் புரியுது, வாடகை கட்ட முடியாதவனுக்கு அந்த வரி தெம்பு கொடுக்கும். வீட்டுல பாடட்டும், ஜெபக்கூட்டத்துல பாடட்டும். ஆனா சிலுவைப் பலியை நினைவுகூர்ற நேரத்துல எனக்கு என்ன கெடைக்கும்னு மட்டும் பாடிக்கிட்டு நிக்கிறது பொருந்தல.

இதுக்காக மத்த சபைக்காரங்க எழுதின பாட்டு எல்லாத்தையும் தூக்கிப் போடணும்னு நான் சொல்லவே மாட்டேன். தஞ்சாவூர்ப் பக்கத்து சீர்திருத்த சபைப் புலவருங்க கர்நாடக ராகத்துல எழுதி வச்ச கீர்த்தனை எத்தனையோ நம்ம கோயில்லயும் பல தலைமுறையா பாடுறோம், வேதாகம வார்த்தை அப்படியே இருக்கும், தமிழும் கல்கண்டு மாதிரி இருக்கும். அவங்க "கர்த்தர்"னு சொல்றாங்க நாம "ஆண்டவர்"னு சொல்றோம், அவங்க "பரிசுத்த ஆவி" நாம "தூய ஆவி", இது ஒரு தடையா? நாம எழுதினதுலயும் வெறும் சர்க்கரைத் தண்ணியா ஒண்ணுமே சொல்லாத பாட்டு நெறைய இருக்கு. எழுதினவன் எந்தக் கோயில்காரன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்கான்னு பாருங்க.

சினிமா ட்யூன் விஷயத்துல மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கல்யாணப் பூசைக்கு மாப்பிள்ளை வீட்டுல இருந்து கேட்பாங்க, வார்த்தையை மாத்தி சாமி பாட்டா ஆக்கிட்டோம்னு சொல்லுவாங்க. அந்த ட்யூன் காதுல விழுந்த உடனே ஜனங்க கண்ணு முன்னாடி ஹீரோ ஹீரோயின்தான் வருவாங்க, பீடம் வராது. தவில், நாதஸ்வரம், உறுமி விஷயம் வேற. ஆர்கன் மாதிரியே மத்த வாத்தியமும் ஆயர்களோட அனுமதியோட வழிபாட்டுக்கு ஆகும்னு சங்கமே சொல்லியிருக்கு. திருநாள் தேர்பவனிக்கு உறுமி அடிக்கிறப்ப எனக்கே கால் ஆடும். ஆனா உள்ள ஃபாதர் நற்கருணையைத் தூக்கிக் காட்டுற எழுந்தேற்றம் நடக்கிற நேரத்துல எது அமைதியைத் தருமோ அதை வாசிக்கிறவனே உணர்ந்து அடக்கி வாசிக்கணும், நல்ல தவில்காரனுக்கு இது சொல்லாமலே தெரியும்.

இன்னொண்ணு யாரும் பேசுறது இல்ல, சுருதி. யூடியூப்ல அந்தப் பாடகி மேல் ஸ்தாயியில போய் நிக்கிறாங்க, ஸ்டுடியோவுல பத்து தடவை எடுத்து ஒட்டினது அது. அதே கட்டையில நம்ம கீபோர்டு பையன் ஆரம்பிச்சா ரெண்டாவது வரியில ஆம்பளைங்க வாயை மூடிருவாங்க, சரணத்துக்கு வர்றப்ப கெழவிங்களும் நிறுத்திருவாங்க, அப்புறம் பாடகர் குழு மட்டும் கச்சேரி மாதிரி பாடிக்கிட்டு இருக்கும். ஜனங்க பாடுறதை வளர்க்கணும்னு சங்கம் சொன்னது ரெண்டு கட்டை இறக்கி வாசிச்சாலே பாதி நடந்துரும். டிராக்கு போட்டா இறக்கவும் முடியாது, ஃபாதர் காணிக்கை முடிச்சுட்டு நின்னுக்கிட்டிருந்தாலும் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்.

எங்கள மாதிரி சின்னப் பட்டணத்துல ஃபாதருக்குத் தமிழ் அவ்வளவா வராது, நல்ல மனுஷங்க, பூசையைத் தமிழ்ல படிச்சு முடிக்கிறதே அவங்களுக்குப் பெரிய உழைப்பு. பாட்டுல என்ன வார்த்தை இருக்குன்னு அவங்க சோதிக்க முடியாது. நாலு மொழிப் பூசை வர்ற பெரிய திருநாள்ல தமிழுக்கு ஒரு பாட்டுதான் கெடைக்கும், அந்த ஒண்ணையும் யோசிக்காம தேர்ந்தெடுத்தா எப்படி? அதனால அந்தப் பொறுப்பு பாடகர் குழு தலையிலதான் வந்து விழுது. 2001ல வத்திக்கான் ஒரு ஏட்டுல, ஆயர் பேரவைங்க அஞ்சு வருஷத்துக்குள்ள வழிபாட்டுக்கு ஏத்த பாட்டு வரிகளைத் தொகுத்து வெளியிடணும்னு கேட்டுச்சு. அப்படி ஒரு தமிழ்ப் பட்டியல் பினாங்கு, கோலாலம்பூர், மலாக்கா-ஜொகூர் மூணு மறைமாவட்டத்துக்கும் பொதுவா, எந்தப் பாட்டு பூசையில எந்த இடத்துக்கு, எந்தக் காலத்துக்குன்னு குறிச்சு, எங்க மாதிரி தோட்டப்புற குழுவோட கையில வந்து சேரணும்னு பொறுப்புல இருக்கிறவங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். இப்ப எங்க கையில இருக்கிறது ஓரம் கிழிஞ்ச பாட்டுப் புஸ்தகமும் ஒரு கட்டு ஜெராக்ஸ் தாளும்தான்.

அது வர்ற வரைக்கும் நாங்க ஒண்ணு ஆரம்பிச்சிருக்கோம். புதுப் பாட்டு எதுவா இருந்தாலும் வியாழக்கிழமை கீபோர்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி, ட்யூன் இல்லாம, ஒருத்தர் எழுந்து நின்னு முழுப் பாட்டையும் வாசகம் படிக்கிற மாதிரி சத்தமாப் படிக்கணும். நெறைய பாட்டு அங்கேயே விழுந்துருது, படிக்கிற பிள்ளையே "அக்கா இதுல ஒண்ணும் இல்லையே" அப்படின்னு உட்கார்ந்துரும். சில பாட்டு படிக்கிறப்பவே ரூம்ல அமைதி வந்துரும். அந்தப் பாட்டை அந்த ஞாயிறு நற்செய்தியோட வச்சுப் பார்ப்போம், அப்புறம்தான் கீபோர்டு. லிங்க் அனுப்பிட்டு கோவிச்சுக்கிட்டு நின்ன அந்தப் பிள்ளைதான் இப்ப முதல் ஆளா எழுந்து படிக்குது.

வாசகர்கள்கிட்ட ஒரு வேண்டுகோள். பழைய தோட்டத்து ஜெபக்கோயில்ல பாடின பாட்டு தெரிஞ்ச பாட்டி தாத்தா உங்க வீட்டுல இருந்தா இந்த வாரமே ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, வார்த்தையை எழுதி வச்சு உங்க கோயில் பாடகர் குழுகிட்ட கொடுங்க. எங்க அம்மாவோட பூசையில முன்பெஞ்சுல உட்கார்ந்திருந்தவங்கள்ல இப்ப நாலு பேருதான் இருக்காங்க. அவங்ககிட்ட இருந்து இதுவரைக்கும் 23 பாட்டு எழுதி எடுத்திருக்கேன், கல்லறையில பாடினதுல ரெண்டாவது சரணம் மட்டும் யாருக்கும் முழுசா ஞாபகம் வரல.

இப்படிக்கு,
பாடகர் குழு அக்கா ஒருத்தி,
பேராக்